சொல் கேட்காத நாய்

செப்டம்பர் 1, திங்கள்

பழக்கும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் அழுத்திச் சொன்னார்கள். என்ன தின்றது, எப்போது குரைத்தது, யாரைக் கண்டு மிரண்டது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டும். நோட்டு வாங்கிவிட்டேன். பழக்க நாய்தான் இன்னும் வரவில்லை. வரும்வரை என்னைப் பற்றி எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

பெயர்: சென்னியப்பன். வயது: நாற்பத்தேழு. இனம்: பம்ப் மோட்டார் விற்பனைப் பிரதிநிதி. பத்தொன்பது வருடம் ஒரே கம்பெனியில் வளர்ந்தது. கம்பெனி கோயமுத்தூர்க் கிளையை மூடியதும் தெருவுக்கு வந்தது. பெங்களூருவில் இரண்டு மாதம் நாய்ப் பயிற்சி படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது. குணம்: வாய் ஓயாது. கடிக்காது.

காலையில் வடவள்ளி வீட்டு வாசலில் பலகை மாட்டினேன். ‘சென்னி நாய்ப் பயிற்சி நிலையம்.’ வசந்தாமணி பேங்குக்குக் கிளம்பும்போது அண்ணாந்து படித்தாள். என் மனைவி கூட்டுறவு வங்கியில் கவுன்டரில் உட்காருகிறவள். எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

“சென்னின்னு ஒரு நாயி இருக்கற மாதிரி இருக்குதுங்க” என்றாள்.

எங்கள் வீட்டு நாய் டைகர் பலகைக்குக் கீழே வந்து காலைத் தூக்கியது. திறப்பு விழா இனிதே முடிந்தது.

செப்டம்பர் 3, புதன்

நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ‘நாய்களுக்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளிக்கப்படும்’ என்று கொட்டை எழுத்தில். டீக்கடை, மருந்துக்கடை, கால்நடை ஆஸ்பத்திரி சுவர் எல்லா இடத்திலும் ஒட்டினேன். மாலையில் முதல் போன்.

“ஏனுங்க, நாய்ங்களுக்குக் கீழ்ப்படியறதுக்குப் பயிற்சி குடுக்கறீங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“அது எங்க வீட்ல எல்லாத்துக்கும் நல்லாவே தெரியுமுங்க. பன்னெண்டு வருசமா அதைத்தான் செஞ்சுட்டிருக்கறோம்.”

வைத்துவிட்டார். நோட்டீஸை எடுத்து ஐந்து முறை படித்தேன். அவர் சொன்னது சரி.

செப்டம்பர் 6, சனி

விளம்பரத்துக்காக டைகரை ரேஸ்கோர்ஸுக்கு அழைத்துப்போனேன். காலை நடைக்கு வரும் பெரிய மனிதர்கள் முன்னால் என் நாய் கம்பீரமாக என் இடது காலை ஒட்டி நடக்க வேண்டும் என்பது திட்டம். டைகர் சுண்டல் வண்டியை ஒட்டி நடந்தது. பிறகு ஒரு கல்யாண வீட்டு மினி பஸ்ஸைத் துரத்தியது. நான் டைகரைத் துரத்தினேன்.

மூச்சு வாங்க நின்றபோது ஓர் அம்மா இரக்கத்தோடு பக்கத்தில் வந்தார். “நாயி ரொம்பத் தொந்தரவு பண்ணுதுங்களா? இந்தாங்க, வடவள்ளில ஒருத்தரு பழக்கித் தர்றாராம். கேட்டுப் பாருங்க” என்று ஒரு தாளைக் கையில் திணித்தார். என்னுடைய நோட்டீஸ்.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு போனும் இல்லை. வசந்தாமணியின் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அடிக்கிறது.

செப்டம்பர் 13, சனி

முதல் வாடிக்கையாளர்! பி.என்.புதூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அம்மா. அவருடைய லேப்ரடார் அடுப்பிலிருந்து சப்பாத்தியைக் கல்லோடு இழுக்கிறது. வாரம் மூன்று நாள் வரச் சொல்லிவிட்டார்.

“பாத்தியா, நோட்டீஸ் வேலை செய்யுது” என்றேன்.

“அப்படிங்களா” என்றாள் வசந்தாமணி. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

மேலும் இருவர். ஒருவர் அரிசி மண்டிக்காரர். அவருடைய நாய் குரைப்பதே இல்லையாம், குரைக்கப் பழக்க வேண்டுமாம். இன்னொருவர் புதிதாகக் கல்யாணம் ஆனவர். அவருடைய பக் நாய் கட்டிலில் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு நகர மறுக்கிறது. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வேதனையைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. தெருமுனை திரும்பிய பிறகுதான் சிரித்தேன்.

ஒரு வேடிக்கை. மூன்று பேருக்கும் வசந்தாமணியின் பேங்கில்தான் கணக்கு இருக்கிறது. கோயமுத்தூர் எவ்வளவு வளர்ந்தாலும் சின்ன ஊர்தான்.

செப்டம்பர் 27, சனி

சின்ன ஊர் இல்லை.

அரிசி மண்டிக்காரர் இன்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “பேங்குல அம்மணி சொல்லித்தானுங்க உங்களத் தெரியும். பாஸ்புக்குக்குள்ள நோட்டீஸை வெச்சுக் குடுத்தாங்க. ஊட்டுக்காரருன்னு சொல்லலீங்க. நல்ல ஆளுன்னுதான் சொன்னாங்க.”

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“எத்தனை பேருக்கு வெச்சுக் குடுத்தே?”

“நாயி வளக்கறவங்களுக்கு மட்டுமுங்க.”

“வளக்கறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“சேலையில, பேண்டுல முடி ஒட்டியிருக்குமுங்க.”

“இனி வேண்டாம். என் தொழில நானே பாத்துக்குவேன்” என்றேன். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. நான் கோபப்படவில்லை. சாப்பிடாமல் படுத்ததற்குக் காரணம் வயிறு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தோல்வார், விசில், பிஸ்கட் டப்பா மூன்றுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிட்டேன். பொரியை டைகர் தின்றது.

பேங்கிலிருந்து திரும்பி வந்த நோட்டீஸ் கட்டு அலமாரியில் இருக்கிறது. நான்கு நாட்களாகப் புதிதாக ஒரு போன்கூட வரவில்லை. பண்டிகைக் காலம், எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

அக்டோபர் 4, சனி

இந்தத் தேதியைப் பெரிதாக எழுதுகிறேன். மலரகம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கூப்பிட்டார்கள். சங்கச் செயலாளர் கனகசபாபதி, ஜவுளி மெஷினுக்கு உதிரிபாகம் செய்கிறவர். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் பார்த்தாராம். டீக்கடைச் சுவரில்! பேங்க் இல்லை, பாஸ்புக் இல்லை.

“நூத்தியெட்டு வீடுங்க. பதினேழு நாயி. அதுல ஒண்ணுதான் பிரச்சனை. ஏ பிளாக் கீழ் வீட்ல ஒரு அம்மணி தனியா இருக்குது, திருநெல்வேலிப் பக்கம், ஸ்கூல் வேன் ஓட்டுது. ராஜபாளையம் நாயி வெச்சிருக்குது. என்னையே கடிச்சுப் போட்டுதுங்க.” மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பல் பதிந்த வடு இரண்டு. “நீங்க வந்து பாத்துட்டு, இது இங்க இருக்கறதுக்கு ஆகாதுன்னு ஒரு லெட்டர் குடுங்க. சங்கத்துல தீர்மானம் போட்டுருவோம். மிச்சப் பதினாறும் உங்களுதுங்க.”

“பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றேன்.

“பாக்காம எப்படிக் குடுப்பீங்க? நல்லாப் பாருங்க.”

கெட்ட மனிதராகத் தெரியவில்லை. காபி வந்ததும் நாற்காலியில் உட்காரப்போனவர், அதற்கு முன்னால் குனிந்து மேஜைக்கு அடியில் ஒரு முறை பார்த்துக்கொண்டார். அவர் வீட்டில் நாயே கிடையாது.

வசந்தாமணியிடம் சொன்னேன்: “பதினாறு. நானே பிடிச்சது.”

அக்டோபர் 6, திங்கள்

ஏ பிளாக் போனேன். பெயர் ஜெபசெல்வி. முப்பத்தைந்து இருக்கும். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை. நாயின் பெயர் சீனி. பெயருக்கேற்ற வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். நான்கு மாதத்துக்கு முன் யாரோ வீட்டைக் காலிசெய்தபோது கேட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வேன் போகும் வழி. மூன்று நாள் பார்த்துவிட்டு, நான்காம் நாள் அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டாள்.

“எங்கிட்ட கேக்கவே மாட்டேங்கு சார். ஆரன் அடிச்சுக்கிட்டே வாரேன், வண்டிய நிப்பாட்டிப் பக்கத்துல வந்து நிக்கேன், அதுபாட்டுக்கு உறங்கிக்கிட்டுக் கெடக்கு. ஆனா பாசம் உண்டு. கண்ணத் தொறந்து என்னைப் பாத்துட்டா வாலு நிக்காது.”

“சீனி” என்று முப்பத்தோரு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் கொசு விரட்டக் கையை வீசியபோது மட்டும் மிகுந்த ஆர்வத்தோடு என் கையையே பார்த்தது. ‘கவனச் சிதறல் அதிகம்’ என்று சீனிக்காகப் போட்ட தனி நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெங்களூருவில் வாங்கிய விசிலை ஊதினேன். மூன்று பிளாக்கிலும் நாய்கள் குரைத்தன. வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார். சீனி கொட்டாவி விட்டது.

‘பிடிவாதம்.’

அக்டோபர் 8, புதன்

இன்று சீனி என் கையிலிருந்து பிஸ்கட் தின்றது, பல்லே படாமல். பிறகு வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. நான் பின்னால் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். துள்ளித் திரும்பி ஒரே கவ்வு. சட்டைக் கை கிழிந்துவிட்டது. நான்தான் என்று பார்த்ததும் தரையோடு ஒட்டிப் படுத்து என் செருப்பை நக்கியது. ‘குற்றம் செய்துவிட்டு நடிக்கிறது’ என்று எழுதினேன். நாய் நடிக்கும் என்று எந்த வகுப்பில் படித்தேன் என்று ஞாபகமில்லை.

ஜெபசெல்வி ஊசிநூல் கொண்டுவந்தாள். “பின்னால இருந்து தொட்டா பயந்துருது சார். முன்னால வந்தா ஒண்ணுஞ் செய்யாது. அந்த செக்ரட்டரி சார்கிட்டயும் சொன்னேன்.”

நாயின் நோட்டில் இதை எழுதவில்லை. இதிலாவது எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதினேன். வசந்தாமணி குழம்பு ஊற்றிக்கொண்டே படித்தாள். இரண்டு முறை.

“மூணு நாள்ல ஒரு நாயப் பத்தி இவ்வளவு தெரிஞ்சுருமுங்களா?”

“அனுபவம்” என்றேன்.

“மோட்டார் விக்கறப்ப, கெணத்துல எறக்கி ஒரு நா பூரா ஓட்டிப் பாக்காம கேரண்டி குடுக்க மாட்டீங்க.”

“அது மிஷினு. இது உயிரு.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கு எதிராகத் திரும்பி நிற்பது தெரிந்தது. வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

கடிதத்தின் முக்கியப் பகுதி: ‘மேற்படி நாய் எவ்வளவு அழைத்தும் சொல் கேட்பதில்லை. தொட்டால் கடிக்க வருகிறது. குடும்பங்கள் வசிக்கும் இடத்தில் வைத்திருக்கத் தக்கதல்ல.’ கீழே என் கையெழுத்து, நிலையத்தின் முத்திரை. முத்திரை போட்டதும் எதுவும் உண்மை போல ஆகிவிடுகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மலரகத்தில் இன்று நான்தான் மாப்பிள்ளை. பதினாறு நாய்களின் சொந்தக்காரர்களும் வரிசையில் நின்று குறை சொன்னார்கள். ஒரு பொமரேனியன் டிவியில் செய்தி வந்தால் மட்டும் ஊளையிடுகிறதாம். அதைப் பழக்க வேண்டியதில்லை என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது ஜெபசெல்வி வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் நாயை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்களாம்.

“எங்கண்ணன் தோட்டம் ஆலங்குளத்துல இருக்கு சார். மெயின் ரோட்டு மேலதான். அங்கன கொண்டு விட்டுட்டு வாரேன்.”

“தோட்டம்னா நாய்க்கு நல்லதுதான். ஓடியாடிட்டு இருக்கும்” என்றேன். மூன்று முறை சொன்னேன். அவள் சக்கரத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

வகுப்புகள் நன்றாகப் போகின்றன. தீபாவளியன்று வெடிக்குப் பயப்படும் நாய்களுக்காக மலரகம் பார்க்கிங்கில் முகாம். என் யோசனைதான். எட்டு நாய்கள் பெயர் கொடுத்திருக்கின்றன.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆறு மணிக்கே போய்விட்டேன். பார்க்கிங்கில் எட்டு நாய்கள், எட்டின் காதிலும் பஞ்சு, ரேடியோவில் சத்தமாக நாதஸ்வரம். ஒரு பயனும் இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டு காருக்கு அடியில் புகுந்துகொண்டது. பொமரேனியன் என் புது வேட்டியில் ஒன்றுக்குப் போனது. பயத்தைப் போக்கப் பிஸ்கட் கொடுத்தேன், எதுவும் தொடவில்லை. பதற்றத்தில் நானே இரண்டைத் தின்றுவிட்டேன்.

நாய்களுக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு ஏ பிளாக் குழாய்க்குப் போனேன். ஜெபசெல்வி வீட்டுக் கம்பிக்கதவுக்கு நேர் எதிரே யாரோ பத்தாயிரம் வாலாவைப் பிரித்து நீளமாகப் போட்டுப் பற்றவைத்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினேன். வெடி முடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

புகை விலகியதும் பார்த்தேன். கம்பிக்கதவுக்கு உள்ளே, முதுகை வாசலுக்குக் காட்டிக்கொண்டு சீனி தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பெல்லாம் சிவப்புக் காகிதத் துணுக்கு. வயிறு நிதானமாக ஏறி இறங்கியது. ஒரு துணுக்கு பறந்துவந்து மூக்கில் ஒட்டியது. அப்போதுதான் கண் திறந்து தும்மியது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

சீனி மறுபடி முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டதும் குடத்தைக் கீழே போட்டேன். அது உருண்டது. சீனி திரும்பவில்லை. நான் வாசலில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். தரை அதிர்ந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தது.

முப்பத்தோரு முறை கூப்பிட்டேன். விசில் ஊதினேன். அதற்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஜெபசெல்வி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். சொன்னேன். அவள் நம்பவில்லை. சீனியின் முதுகுப் பக்கம் நின்று கரண்டியால் தட்டில் அடித்துப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு மாசமா இதை என்னென்ன ஏச்செல்லாம் ஏசியிருக்கேன் சார். ஒண்ணுகூடவா கேக்கல?”

“ஒண்ணுகூட இல்லைங்க.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்று சிரித்தாள். பிறகு சீனியைப் பார்த்து, “கொஞ்சுனதும் கேட்டிருக்காதுல்லா” என்றாள்.

உருண்ட குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு நடந்தேன். பத்தொன்பது வருடம் வாயை வைத்துப் பிழைத்தவன் நான்.

அக்டோபர் 22, புதன்

கால்நடை மருத்துவரும் உறுதி செய்துவிட்டார். பிறவியிலிருந்தே செவிடாம். வெள்ளை ராஜபாளையத்தில் இப்படிப் பிறப்பது உண்டு என்றார். வீட்டுக்கு வந்து பெங்களூருப் பாடக் குறிப்பைப் புரட்டினேன். அதிலேயே இருக்கிறது. அடிக்கோடு போட்டிருக்கிறேன், சிவப்பு மையில்.

மெயின் ரோட்டு மேல் தோட்டம். பஸ் ஆரன் கேட்காத நாய். ‘ஓடியாடிட்டு இருக்கும்’ என்று மூன்று முறை சொன்னவன் நான்.

அக்டோபர் 23, வியாழன்

சங்கத்துக்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டும். வகுப்புகள் அதிகம், நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றும் நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

“நாளைக்கு அங்க மீட்டிங்குன்னு சொன்னீங்களே” என்றாள் வசந்தாமணி.

“ஆமா. எழுதோணும். நேரமே இல்ல.”

“நேரமில்லீங்களா, பயமுங்களா?”

“பதினாறு நாயி, வசந்தாமணி. நானே பிடிச்சது.”

அவள் என் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டினாள். கிழிந்து தைத்த கை உள்ள அதே சட்டை. வீட்டில் வேறு சட்டை இல்லாமலில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை பத்து மணி, மலரகம் ஹால். எழுதிக்கொண்டுபோன தாளைப் பிரித்தேன், அதுவும் ‘மேற்படி நாய்’ என்றுதான் தொடங்கியது. மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

“நான் குடுத்த லெட்டர் தப்புங்க. அந்த நாய்க்குக் காது கேக்காது. அது எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சுக்கறதுக்கு மெனக்கெடவும் இல்லீங்க. பதினாறு நாயி கெடைக்குதுன்னு அவசரப்பட்டு எழுதிட்டேன்.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். “காது கேக்காத நாயிகிட்டவா சார் விசிலடிச்சீங்க?”

“ஆமாங்க.”

ஹால் முழுக்கச் சிரித்தது. நன்றாக, நேரமெடுத்துச் சிரித்தது. நடுவில் அடங்கி, யாரோ வாயைக் குவித்து விசிலடித்ததும் மறுபடி தொடங்கியது. நானும் சிரித்திருப்பேன், மேடையில் நிற்பது வேறு யாராவதாக இருந்திருந்தால்.

“அந்த லெட்டர்ல ஒரே ஒரு வரி நெசமுங்க” என்றேன். “சொல் கேட்பதில்லைன்னு எழுதியிருக்கறேன்.”

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கடைசி நாற்காலியில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஜெபசெல்வி. இன்னொருவர் கனகசபாபதி. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: “அப்ப நான் படிக்கட்டுல பின்னால வந்து முதுகுல தட்டினேனே, அதனாலதான் கடிச்சுதுங்களா?”

“ஆமாங்க. அதுக்கு நீங்க வர்றதே தெரியாது.”

“அட, நகந்து போகட்டும்னுதானுங்க தட்டினேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முடிவு: டிசம்பர் முதல் ஞாயிறு வரை சீனி இருக்கலாம், வெளியே வந்தால் கயிற்றோடு. அன்று எல்லோர் முன்னாலும் பழகிக் காட்ட வேண்டும். இன்னொரு முடிவு: செவிட்டு நாயைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரிடம் மற்ற நாய்களை விடுவதற்கில்லை. அங்கே நாய் வைத்திருந்தால் நானும் அப்படித்தான் கை தூக்கியிருப்பேன்.

வீட்டில் வசந்தாமணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை போச்சுங்க?”

“பதினாறும்.”

“அங்க மிச்சம்?”

“ஒண்ணு.”

தோசையைத் திருப்பிப் போட்டாள். நான் அலமாரியிலிருந்து நோட்டீஸ் கட்டை எடுத்து அவளுடைய கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். “பாஸ்புக்குக்குள்ள வெக்கறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“இனி வெக்க மாட்டனுங்க” என்றாள். “எங்கூட்டுக்காரருன்னு வாயிலயே சொல்லிக் குடுக்கறேன்.”

நவம்பர் 3, திங்கள்

காது கேட்காத நாய்க்கு முதல் பாடம் உட்காருவதோ நிற்பதோ இல்லை. நம்மைப் பார்ப்பது. கூப்பிட வழியே இல்லாததால், தானாகவே அடிக்கடி திரும்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். பார்த்த மறுநொடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ஒரு துண்டு வேகவைத்த கோழி. இவ்வளவுதான் பாடம். இதையே நூறு தடவை.

“நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க சார்” என்றாள் ஜெபசெல்வி. “அதுக்கு உங்க வாயி ஆடுறது மட்டுந்தான் தெரியும். இந்த மனுசனுக்கு என்ன இவ்வளவு கொட்டாவின்னு நெனைக்கப் போவுது.”

நவம்பர் 12, புதன்

தொடுவதற்கு முன் தரையை ஒரு தட்டு. பிறகு தோளில் மெதுவாக விரல். உடனே கோழி. தொட்டால் நல்லது வரும் என்று அதற்குத் தோன்ற வேண்டும். இன்று நாற்பது முறை தொட்டேன், ஒருமுறைகூட மிரளவில்லை. நான்தான் இரண்டு முறை மிரண்டேன்.

நவம்பர் 19, புதன்

சாப்பிடும்போது வசந்தாமணி இன்னொரு கரண்டி சோறு போட வந்தாள். உள்ளங்கையை விரித்து ‘நில்’ காட்டினேன். நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, என் வாயில் ஒரு அப்பளத் துண்டைப் போட்டாள்.

பேசாமல் இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

டிசம்பர் 7, ஞாயிறு

சீனி மலரகத்திலேயே இருக்கலாம் என்று இன்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. எப்படி நடந்தது என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன். விட்டால் நாளை நானே வேறு மாதிரி சொல்லத் தொடங்கிவிடுவேன்.

காலை ஒன்பது மணிக்கு நடுப் புல்வெளியில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். வசந்தாமணியும் வந்திருந்தாள். முதலில் உட்காரு, படு, நில். மூன்றும் கைச்சாடையிலேயே. கனகசபாபதி எங்கள் சொற்படி எதிர்ப்பக்கமாக வந்து, கையைத் தாழ்த்திக் காட்டினார். ஊசி போட்டுக்கொள்கிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனி முகர்ந்துபார்த்துவிட்டு அந்தப் பழைய வடுவை ஒரு நக்கு நக்கியது. “சொரசொரப்பா இருக்குதுங்க” என்றார், குழந்தை மாதிரி.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குக் கைதட்டல் போதவில்லை. நீளக் கயிற்றில் ஓடவிட்டுத் திரும்ப வரவைத்துக் காட்டுகிறேன் என்று அறிவித்தேன். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டியது நான். கொக்கியைச் சரியாகப் பூட்டாததும் நான்தான்.

சீனி பாய்ந்தது. கயிறு என் கையில் இருந்தது, நாய் இல்லை. தண்ணீர் லாரி உள்ளே வருவதற்காக மெயின் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். கேட்டுக்கு வெளியே மருதமலை ரோடு, பஸ்ஸும் லாரியுமாக.

எல்லோரும் கத்தினார்கள். சீனி, சீனி என்று மூன்று மாடியிலிருந்தும் கத்தினார்கள். கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

பிறகுதான் புத்தி வந்தது. வாயை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து ‘வா’ சாடை காட்டி நின்றேன். அதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளை முதுகு தானாகத் திரும்பினால் உண்டு.

கேட்டுக்குப் பத்தடி முன்னால் சீனி நின்றது. திரும்பிப் பார்த்தது.

யாரும் கூப்பிட்டு அது திரும்பவில்லை. கூப்பிடவே முடியாத நாய் அது. நாம் இருக்கிறோமா என்று பார்க்க வேண்டும் போல அதற்கே தோன்றியிருக்கிறது. ஒரு நொடி தேடியது. பிறகு காதெல்லாம் பின்னால் பறக்க, நேராக என்னை நோக்கி ஓடிவந்தது. என் கண் நிறைந்துவிட்டது. கைகளை இன்னும் அகலமாக விரித்தேன்.

சீனி என்னைத் தாண்டி ஓடியது.

எனக்குப் பின்னால் ஜெபசெல்வி மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்திருந்தாள். எப்போதிலிருந்து அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. அவள் கத்தவே இல்லை என்று வசந்தாமணி அப்புறம் சொன்னாள். சீனி முழு வேகத்தில் போய் அவள் மேல் விழுந்தது, அவள் புல்லில் சாய்ந்தாள். காக்கிச் சட்டையும் வெள்ளை நாயுமாக இரண்டும் உருண்டதைப் பார்த்து ஐம்பது அறுபது பேரும் கைதட்டினார்கள்.

நான் இரண்டு கைகளையும் விரித்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். உடனே இறக்கினால் நன்றாக இருக்காது.